விடியற்காலையில் எழாத ஜீப்: கோளாறு பாட்டரியிலா, டைனமோவிலா?

போடி, மார்ச்சு இல்லாத மாதமானாலும் சரி, மழை மாதமானாலும் சரி, ஏலத் தோட்டத்துக்குச் செல்லும் ஜீப்புகள் விடியுமுன்பே புறப்பட்டாக வேண்டும். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் தெருமுனையில் கூடிவிடுகிறார்கள். தேனி மாவட்டத்தின் போடி, கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளில் மலையேறி, இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் இறங்கி வருவது இவர்களுடைய அன்றாட வாழ்க்கை.

அப்படிக் கூடியிருக்கும் நேரத்தில், டிரைவர் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் உறுமாமல் "டக்" என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டால், அங்கு நிற்கும் அத்தனை பேருடைய முகமும் வாடிவிடும். தோட்டத்தில் வேலை தொடங்கும் நேரம் தவறினால் அன்றைய கூலி போயிற்று. ஜீப்பின் ஒரு நாள் வாடகையும் போயிற்று. ஒரு பாட்டரி செத்தால் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் அன்றைக்கு வருமானம் இல்லை என்று பொருள்.

இந்தத் தொல்லை ஜீப்புக்காரர்களோடு நிற்பதில்லை. வாளையாறு வழியாக வரும் காய்கறி லாரி, நென்மாறையிலிருந்து நெல்லியாம்பதி ஏறும் ஜீப், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பழைய கார் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொது. ஆனால் பலர் செய்யும் தவறு ஒன்றுதான். வண்டி எழவில்லை என்றதும் பாட்டரியைக் குற்றம் சொல்லிப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதியது வாங்கி விடுகிறார்கள். ஒரு வாரத்தில் அதுவும் படுத்துவிடுகிறது. கோளாறு இருந்தது வேறு இடத்தில்!

சேமிப்பும் சம்பளமும்

பாட்டரியைச் சேமிப்புக் கணக்கு என்றும் ஆல்டர்னேட்டரை மாதச் சம்பளம் என்றும் வைத்துக்கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும். எஞ்சினை எழுப்புவதற்காகச் சில விநாடிகளுக்குப் பெரிய தொகை ஒன்றைப் பாட்டரி கொடுக்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், பெல்ட் மூலம் சுழலும் ஆல்டர்னேட்டர் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்டுகிறது. விளக்கு, ஹாரன், வைப்பர் முதலிய அன்றாடச் செலவுகளையும் அதுவே ஏற்கிறது. சம்பளம் நின்றுபோனால் சேமிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

சாதாரணக் காரில் இருப்பது 12 வோல்ட் பாட்டரி. அதற்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் கொடுக்கும். ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் சேர்ந்து வேலை செய்யும் இந்த முறையை 1859-ல் பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. காரைக் கைப்பிடி போட்டுச் சுற்றும் சிரமத்தைப் போக்கிய மின்சார ஸ்டார்ட்டர், 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் வந்தது.

முன்பெல்லாம் கார்களில் டைனமோதான் இருந்தது. மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. பிறகுதான் ஆல்டர்னேட்டர் வந்தது. நம் டிரைவர்கள் இன்றும் அதை "டைனமோ" என்றே அழைக்கிறார்கள். சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் 1961-ல் தொடங்கப்பட்டது. வாகனங்களுக்கான மின்சாதனங்கள் தமிழ்நாட்டிலேயே தயாராகும் காலம் அதிலிருந்து வந்தது.

ரயிலில் ஊருக்குப் போய்வரும் வாசகர்களும் இதே ஏற்பாட்டைப் பார்த்திருப்பார்கள். பழைய ஐ.சி.எப். பெட்டிகளில், சக்கரத்தின் அச்சு சுழலும்போது பெல்ட் மூலம் ஆல்டர்னேட்டரும் சுழன்று, பெட்டிக்கு அடியிலுள்ள 110 வோல்ட் பாட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றும். வண்டி நிலையத்தில் நிற்கும்போது விளக்கும் விசிறியும் பாட்டரியில் ஓடும். வண்டி நெடுநேரம் நின்றால் விளக்கு மங்குவது இதனால்தான். காரிலும் கதை அதுவே.

வெயில் கொல்லும், குளிர் காட்டிக்கொடுக்கும்

பாலக்காட்டுக் கணவாயில் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. மூணாறிலோ மார்கழி, தை மாதங்களில் சில இடங்களில் 0 டிகிரிக்கும் கீழே இறங்கிப் புல்லில் உறைபனி படரும். இந்த இரண்டு எல்லைகளும் பாட்டரிக்குப் பகை. ஆனால் பகைக்கும் விதம் வேறு.

வெயிலில் பாட்டரியின் தண்ணீர் ஆவியாகிறது, உள்ளேயிருக்கும் தகடுகள் அரிக்கப்படுகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனாலும் வெப்ப நாட்டில் எஞ்சின் எளிதில் எழுந்துவிடுவதால் இந்த நலிவு வெளியே தெரிவதில்லை.

குளிரில் நிலைமை வேறு. 0 டிகிரியில் பாட்டரி தன் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தரும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகிவிடுவதால், எஞ்சினைச் சுற்ற அதிகச் சக்தி வேண்டும். சித்திரையில் பாலக்காட்டு வெயிலில் நலிந்த பாட்டரி, மார்கழியில் மூணாறு ஏறிய மறுநாள் காலை கைவிரிப்பதன் காரணம் இதுவே. "நேற்று வரை நன்றாக இருந்தது" என்று சொல்வதில் பயனில்லை. அது பல மாதமாகவே நன்றாக இல்லை.

வாளையாற்று வரிசை தந்த பாடம்

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து வரிச் சோதனைச் சாவடிகள் நீக்கப்படும் முன்பு, வாளையாற்றில் லாரிகள் மணிக்கணக்கில், சில நாட்களில் மைல் கணக்கில் வரிசை நின்றதைப் பழைய டிரைவர்கள் மறக்க மாட்டார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு உள்விளக்கு, விசிறி, பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் ஓடவிடுவார்கள். பத்தடி நகர மீண்டும் எஞ்சினை எழுப்புவார்கள். உடனே நிறுத்துவார்கள். இப்படி இருபது தடவை செய்தால் செலவு உண்டு, வரவு இல்லை. வரிசையின் முன்னால் வந்துசேரும்போது வண்டி எழாது. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

அந்த வரிசை போய்விட்டது. ஆனால் பாடம் போகவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லோருக்கும் புரியும். காரின் முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 120 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். 60 ஆம்பியர்-மணி பாட்டரி முழுமையாக இருந்தாலும் ஆறு மணி நேரத்தில் அடியோடு காலியாகும். எஞ்சின் எழாத நிலை அதற்கு வெகு முன்பே வந்துவிடும். சிறு விளக்குகள் மட்டும் எரிந்தாலும், ஓர் இரவு முழுதும் எரிந்தால் காலையில் வண்டி தகராறு செய்யும்.

கார்த்திகை பிறந்தால் குமுளி வழியே சபரிமலை செல்லும் வண்டிகளில் இது சகஜம். வண்ண விளக்குச் சரம், பக்திப் பாடல், ஐந்தாறு கைபேசிகளுக்குச் சார்ஜ் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டுகிறார்கள். இனி, ஜீப்பின் நெற்றியில் 100 வாட் விளக்குகள் நான்கு பூட்டும் ஆசையையும் பார்ப்போம். அவற்றுக்கு மட்டும் 33 ஆம்பியர் வேண்டும். வண்டி மெதுவாக ஊரும் மலைச் சாலையில் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரமோ குறைவு. மீதியைப் பாட்டரிதான் கொடுத்தாக வேண்டும். இரவெல்லாம் ஓடியும் காலையில் பாட்டரி காலி என்று சொல்பவர்களில் பலர் இந்த வகையினர்.

எது கெட்டது என்று அறிவது எப்படி?

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் இந்தக் கருவியை ஸ்டாண்டில் உள்ளவர்கள் கூட்டாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாலும் நல்லது.

வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு பாட்டரியின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே கொள்ளலாம். அடுத்து, எஞ்சினை எழுப்பும்போதே மீட்டரைப் பார்க்க வேண்டும். முள்ளோ எண்ணோ 9.6-க்குக் கீழே விழுந்தால், சார்ஜ் முழுதாக இருந்தும் அப்படி விழுந்தால், பாட்டரி பலவீனம்.

மூன்றாவதுதான் முக்கியம். எஞ்சின் ஓடும்போது, சற்று ஆக்சிலேட்டரை அழுத்தி, மீண்டும் அளக்க வேண்டும். 13.8-க்கும் 14.4-க்கும் இடையே இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. 13-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் சம்பளம் வரவில்லை, அதாவது சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டது. அப்போது பாட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி போகும். முன்விளக்கைப் போட்டபிறகும் ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. "டக்டக்டக்" என்று அடுத்தடுத்துச் சத்தம் வந்து விளக்கும் மங்கினால், பாட்டரி காலி அல்லது டெர்மினல் தளர்ச்சி. விளக்கு பிரகாசமாக எரிந்துகொண்டே ஒரே ஒரு "டக்" வந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். டாஷ் போர்டில் பாட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தால், எஞ்சினால் சார்ஜ் ஏறவில்லை என்பதே பொருள். பலர் அதைப் பாட்டரி கெட்டதாக எண்ணிவிடுகிறார்கள்.

ஆல்டர்னேட்டர் கெட்டதென்றாலும் முழுதும் மாற்றவேண்டும் என்பதில்லை. உள்ளேயிருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பேரிங் இரையலாம். டயோடு ஒன்று போயிருக்கலாம். டயோடு கசிந்தால் வண்டி நிற்கும்போதே இரவோடு இரவாகப் பாட்டரி இறங்கும். இவற்றைத் தனித்தனியே மாற்றிக்கொடுக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். எதை மாற்றினார், பழைய பாகம் எங்கே என்று கேட்டு வாங்கிப் பார்ப்பது வண்டிக்காரரின் உரிமை.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் தொளதொளத்தால் இறுக்க வேண்டும். மழை நாளில் காலையில் "கீச்" என்று கத்துவது பெல்ட் வழுக்குவதன் அடையாளம். பல எஞ்சின்களில் இதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. மலையேறும்போது சிவப்பு விளக்கு எரிந்து, கூடவே எஞ்சின் சூடும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். உடனே ஓரம் கட்ட வேண்டும். இன்னும் ஒரு வளைவு ஏறிப் பார்ப்போம் என்றால் எஞ்சினே போய்விடும்.

பழைய வித்தை புது வண்டிக்கு ஆகாது

எஞ்சின் ஓடும்போதே பாட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வித்தை. எஞ்சின் நிற்காவிட்டால் டைனமோ நல்லது என்பார்கள். டைனமோ காலத்தில் அது சரி. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிக் கழற்றினால் வோல்ட் திடீரென எகிறி, டயோடுகளையும் மின்னணுக் கருவிகளையும் சுட்டுவிடும். இருநூறு ரூபாய்ச் சோதனையை மிச்சம் பிடிக்கப் போய், பல்லாயிரம் ரூபாய் இழந்தவர்கள் உண்டு.

இரண்டாவது வித்தை, வண்டியை இறக்கத்தில் நிறுத்தி, உருட்டி, இரண்டாவது கியரில் எழுப்புவது. பழைய டீசல் ஜீப் ஒருமுறை எழுந்தால் பாட்டரியின் தயவின்றியே ஓடும். மாதக்கணக்கில் அப்படியே காலம் தள்ளிய ஜீப்புகள் மலையில் உண்டு. ஆனால் 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ்.-6 வண்டிகளில் டீசல் தெளிப்பதையும் மின்னணுப் பெட்டியே நடத்துகிறது. மின்சாரம் குறைந்தால் எஞ்சினே நிற்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வாக்கூம் கிடைக்காது. பிரேக் மிதி கல்லாக இறுகும். ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை இறக்கத்தில் வண்டியை உருட்டி எழுப்புவதைப் போன்ற விஷப் பரீட்சை வேறில்லை. ஆட்களை இறக்கிவிட்டு, சமதளத்தில் தள்ளுவதே முறை. மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது இன்னொரு சோதனை வரும். காலையில் உருட்டி எழுப்பிய ஜீப்பில் சார்ஜ் ஏறவில்லை என்றால், மூடுபனியில் போடி மெட்டு இறங்கும் நேரத்தில் முன்விளக்கு மங்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இருட்டிய பிறகு விளக்கில்லாத ஜீப்பில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தால், பெல்ட் மாற்றும் செலவு பெரிதாகத் தோன்றாது.

நின்றுபோன வண்டிகள்

ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியின் பாட்டரியே விரைவில் சாகும். காலியான பாட்டரியை அப்படியே விட்டால் தகடுகளின் மீது ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. எல்லைப்புற மக்கள் இதை அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினையால் குமுளி எல்லையில் போக்குவரத்து முடங்கியது. 2018 ஆகஸ்டில் பெருமழையும் நிலச்சரிவும் இடுக்கிச் சாலைகளைத் துண்டித்தன. 2020-ல் கொரோனா ஊரடங்கில் தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் மாதக்கணக்கில் நின்றன. கூலியும் இல்லை, வாடகையும் இல்லை. கட்டுப்பாடு தளர்ந்து வண்டியை எடுக்கப் போனால் பாட்டரியும் இல்லை.

வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்த நேர்ந்தால், பாட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைக்கலாம். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்துவதில் பயன் குறைவு. அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டினால்தான் பாட்டரிக்கு வரவு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

தண்ணீர், ஆசிட், தீக்குச்சி

மூடி திறக்கும் பாட்டரியில் மாதம் ஒருமுறை தண்ணீர் பார்க்க வேண்டும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. மலை ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும் அதில் உப்பு உண்டு. குறைந்தது தண்ணீர்தான். ஆகையால் ஆசிட் ஊற்றுவது தவறு. ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் முழுச் சார்ஜில் 1.260 முதல் 1.280 வரை காட்டும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டினால் அந்த அறை செத்தது. பாட்டரியை மாற்றவேண்டிய நேரம் அதுவே.

டெர்மினலில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடி மின்சாரத்தைத் தடுக்கும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துக் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் தடவினால் போதும். "பாட்டரி போச்சு" என்று கடைக்குக் கொண்டுபோன வண்டிகளில் சில, இந்தப் பத்து நிமிட வேலையில் எழுந்துவிடும்.

தண்ணீர் அளவு தெரியவில்லையென்று தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது வெடிக்கும். தெறிக்கும் ஆசிட் கண்ணைக் குருடாக்கும். பீடி, சிகரெட்டையும் தள்ளி வைக்க வேண்டும். ஆசிட் பட்டால் ஏராளமான தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

மற்றொரு வண்டியிலிருந்து வயர் கொடுத்து எழுப்பும்போது, பாசிட்டிவுக்குப் பாசிட்டிவை முதலில் மாட்ட வேண்டும். பிறகு நல்ல பாட்டரியின் நெகட்டிவில் ஒரு முனை. கடைசி முனையைச் செத்த பாட்டரியில் மாட்டாமல், சற்று விலகி எஞ்சினின் இரும்பில் மாட்ட வேண்டும். அந்தக் கடைசி முனையில்தான் பொறி பறக்கும். பாட்டரி அருகில் பொறி கூடாது. கழற்றும்போது வரிசை தலைகீழ்.

பழைய பாட்டரி எங்கே போகிறது?

புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் தள்ளுபடி உண்டு. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறுவதற்கான விதிகள் 2001-லேயே வந்தன. 2022-ல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆனாலும் காயலான் கடைக்குப் போட்டு, அங்கே சம்மட்டியால் உடைத்து ஈயம் உருக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் புகையும் தூசியும் உடைப்பவரின் சட்டையோடு வீட்டுக்கு வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். பத்து ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று பழைய பாட்டரியை அங்கே போடும் வண்டிக்காரர், வேறொரு தொழிலாளியின் வீட்டில் நோயை வாங்கி வைக்கிறார்.

வாங்கும்போது ரசீதும், தேதியும் முத்திரையும் போட்ட உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்க வேண்டும். வெளி மாநிலத்தில் பிழைப்பவர்களுக்கு இது மிக அவசியம். மொழி தெரியாததால் தயங்க வேண்டியதில்லை. உத்தரவாதத்தை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் ஒதுக்கினால் பெல்ட், டெர்மினல், தண்ணீர், வோல்ட் ஆகிய நான்கையும் பார்த்துவிடலாம். திங்கட்கிழமை விடியற்காலையில் தூக்குவாளியோடு தெருமுனையில் காத்திருக்கும் பெண்கள் அன்றைய கூலியை இழக்காமல் இருப்பது, பெரும்பாலும் அந்த அரைமணி நேரத்தைப் பொறுத்தது.